கன்னி வேட்டை

கம்பம் பள்ளத்தாக்கில் அறுபதைத் தாண்டிய ஆண்களிடம் மானைப் பற்றிப் பேச்சுக் கொடுத்தால் முதலில் சுற்றுமுற்றும் பார்ப்பார்கள். "அதெல்லாம் எங்க தாத்தா காலத்துல" என்று ஆரம்பிப்பார்கள். சற்று நேரத்தில் தாத்தா பின்னுக்குப் போய்விடுவார். சொல்கிறவரே எட்டு வயதுப் பையனாகத் தூக்குச்சட்டியைச் சுமந்துகொண்டு, வாயைத் திறக்காமல், துப்பாக்கி வைத்திருக்கும் ஒருவரின் முதுகைப் பார்த்தபடி மலையேறிக்கொண்டிருப்பார். மான் கிடைத்ததா என்று கேட்டால் சிரிப்பார்கள்.

என் மனைவியின் தாய்மாமா அந்த ரகம். கூடலூர்ப் பக்கம் மலையடிவாரத்தில் தோட்டம் வைத்திருக்கிறார். ஏழு வயது மகளைக் காலாண்டு விடுமுறையில் அவரிடம் அழைத்துப் போவது என்று முடிவானபோது அவளுக்கு ஒரே நிபந்தனை: மான் பார்க்க வேண்டும். சென்னைப் பிள்ளைக்கு மான் புதிதல்ல. கிண்டிப் பூங்காவில் கம்பி வேலிக்குள் பார்த்திருக்கிறாள், ஐஐடி வளாகத்துச் சாலையோரம் மேய்வதையும் பார்த்திருக்கிறாள். "அது மானில்லப்பா, அங்கயே இருக்கிறது" என்றாள். தேடிப் போய்ப் பார்த்தால்தான் மானாம். போனில் கேட்டுக்கொண்டிருந்த மாமா, "அப்ப ஆத்தாவுக்குக் கன்னி வேட்டை. கூட்டியாங்க மாப்ள" என்றார்.

தேனியிலிருந்து குமுளி போகும் சாலையில் சின்னமனூர் வரைக்கும் கண்ணில் படுவதெல்லாம் தண்ணீரின் வேலை. அறுவடை எந்திரங்கள் வயலில் இறங்கியிருந்தன, ரோட்டோரம் நெல் காய்ந்தது. பள்ளத்தாக்கில் 14,707 ஏக்கர் இருபோகம் விளைகிறது என்று இங்கே சின்னப் பிள்ளையும் சொல்லும். 1895-ல் பென்னிகுவிக் கட்டி முடித்த முல்லைப் பெரியாறு அணை மேற்கே போன நீரைத் திருப்பிவிட்டதால் வந்த சோறு அது. வீடுகளில் அவர் படம் சாமி படத்தோடு மாட்டியிருப்பதில் ஆச்சரியமில்லை. அதே அணை மலைக்கு அந்தப் பக்கம் ஒரு காட்டையே மூழ்கடித்து ஏரியாக்கியது. அந்த ஏரிக்கரைப் புல்லில்தான் இன்று கடமான்கள் மேய்கின்றன. இந்தப் பக்கம் நெல்லும் அந்தப் பக்கம் மானும் ஒரே தண்ணீரில் வளர்கின்றன என்பதை மகளுக்கு விளக்கப் பார்த்தேன். அவள் கரும்புச்சாறு கேட்டாள்.

நேரே கூடலூர் போகாமல் சின்னமனூரில் இடது பக்கம் திரும்பி மேகமலை ஏறினோம். தென்பழனி சோதனைச்சாவடியில் வண்டியின் விவரம் எழுதி, பிளாஸ்டிக் இருக்கிறதா என்று பார்த்து அனுப்பினார்கள். பதினெட்டுக் கொண்டை ஊசி வளைவு, ஒவ்வொன்றுக்கும் ஒரு பூவின் பெயர். மகள் பலகைகளை வாசித்துக்கொண்டே வந்து பத்தாவது வளைவு வாக்கில் வாந்தி எடுத்தாள். ஹைவேவிஸ், மணலாறு, வெண்ணியாறு, இரவங்கலாறு என்று தேயிலைக்கும் அணைகளுக்கும் நடுவே ஊர்கள் வரிசையாகக் கிடக்கின்றன. தேயிலைச் சரிவுக்கு மேலே சோலைக்காடு இருட்டாக நிற்கிறது. இதெல்லாம் சேர்ந்து 2021 பிப்ரவரியில் ஸ்ரீவில்லிபுத்தூர்–மேகமலை புலிகள் காப்பகம் ஆனது. ஆயிரத்துப் பதினாறு சதுர கிலோமீட்டருக்கு மேல், தமிழ்நாட்டின் ஐந்தாவது புலிகள் காப்பகம். மேற்கே பெரியாறு காப்பகத்தோடு தொட்டுக்கொண்டிருப்பதால் புலிக்கும் மானுக்கும் மாநில எல்லை கிடையாது.

மேகமலையில் எங்களுக்கு மான் தென்படவில்லை. காட்டுமாடுகள் மட்டும் தேயிலைக்கு நடுவே கரும்பாறைகளோடு பாறையாக நின்றன. பார்வை முனையில் நின்ற வேன் ஒன்றில் ஸ்பீக்கர் அலறியது. இளைஞர்கள் காட்டுமாட்டைப் பார்த்து விசிலடித்தார்கள், அதுவும் இவர்களைப் பார்த்துப் பழகிப்போய் அசை போட்டது. துப்பாக்கி பிடித்த அந்தக் காலத்து ஆள் ஒருவர் இந்த வேனில் இருந்திருந்தால் முதல் வேலையாக ஸ்பீக்கரைப் பிடுங்கி எறிந்திருப்பார் என்று தோன்றியது. மிருகத்தின் மேல் அன்பு என்று சொல்ல முடியாது, தொழில் பக்தி.

வேட்டையைச் சட்டம் ஒரேயடியாக நிறுத்திவிட்டதாகப் பலர் நினைக்கிறார்கள். 1972-ல் வந்த வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தில் உரிமம் வாங்கிக்கொண்டு சில விலங்குகளைச் சுடுவதற்கு வழி இருந்தது. அந்த வழியை அடைத்தது 1991-ல் வந்த திருத்தம். அதற்கும் முன்பு, 1882-ம் ஆண்டின் சென்னை வனச் சட்டத்தின்படியே, ஒதுக்குக் காட்டுக்குள் அனுமதியில்லாமல் வேட்டையாடுவது குற்றம். ஆக, மாமாவின் தாத்தா செய்ததும் சட்டப்படி திருட்டு வேட்டைதான். துரைக்கு வேட்டை, குடியானவனுக்குத் திருட்டு என்பது அன்றைய ஏற்பாடு. இன்றைக்குச் சரணாலயத்துக்குள் வேட்டையாடினால் மூன்றிலிருந்து ஏழு வருஷம் உள்ளே இருக்க வேண்டும். இதில் எனக்கு மறுபேச்சு இல்லை. பள்ளத்தாக்கின் ஜனத்தொகைக்கு ஆளுக்கொரு கூறு போட்டால் ஒரு மாதத்தில் மலை காலி.

உலகம் முழுக்க இப்படி இல்லை. அமெரிக்காவின் பல மாநிலங்களில் சீசன் தொடங்குவதற்கு முன்பே சிறுவர்களுக்கென்று தனியாக மான் வேட்டை நாட்கள் ஒதுக்குகிறார்கள். விஸ்கான்சின் மாநிலம் 2017-ல் குறைந்தபட்ச வயது என்பதையே எடுத்துவிட்டது. பெரியவர் ஒருவர் கைக்கெட்டும் தூரத்தில் இருந்தால் எந்த வயதுப் பிள்ளையும் சுடலாம். இங்கிலாந்து இளவரசர் ஹாரி, பதினைந்து வயது வாக்கில் ஸ்காட்லாந்தில் மான் சுட்டபோது வழிகாட்டி தன் தலையைப் பிடித்து அதன் பிளந்த வயிற்றுக்குள் அழுத்தியதை 2023-ல் வந்த தன் புத்தகத்தில் எழுதியிருக்கிறார். அங்கே அது தீட்சை. இதை இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகு மாமாவிடம் சொன்னேன். "எதுக்கு? சட்டை வீணாப் போகுமே" என்றார்.

கூடலூரில் தோட்டத்து வீட்டுத் திண்ணையில்தான் அந்தப் பேச்சு. திண்ணைச் சுவரில் ஒரு இடம் மட்டும் வெளுத்திருக்கும். அங்கே ஒரு காலத்தில் கடமான் கொம்பு இருந்தது, குடையும் சட்டையும் மாட்டுவதற்கு. வீட்டில் மான்கொம்பு வைத்திருப்பவர்கள் தெரிவித்துப் பதிந்துகொள்ளும்படி 2003-ல் அரசு கடைசி அவகாசம் கொடுத்தது. மாமா பதியவுமில்லை, வைத்திருக்கவுமில்லை. ஒரு ராத்திரி ஆற்றோடு விட்டுவிட்டதாகச் சொல்கிறார். மான் தானாக உதிர்த்த கொம்பைக் காட்டில் பொறுக்கினாலும் குற்றம்தான் என்று நான் சொன்னதும், "வருசா வருசம் விழுந்து மொளைக்கிற சாமான். எலியும் முள்ளம்பன்னியும் தின்னா பரவால்ல, நான் சட்டை மாட்டுனா கேசா?" என்றார். முள்ளம்பன்றி கொம்பைக் கடித்துத் தின்பது உண்மை, சுண்ணாம்புச் சத்துக்காக. மாமாவின் நியாயத்துக்கு என்னிடம் பதில் இருந்தது. உதிர்ந்த கொம்புக்கும் வெட்டிய கொம்புக்கும் சந்தையில் வித்தியாசம் தெரியாது. ஆனால் அந்த வெளுத்த சுவரைப் பார்த்துக்கொண்டு அதைச் சொல்ல வாய் வரவில்லை.

"தாத்தா, நீங்க மொத மொத எப்பப் போனீங்க?" என்று மகள் ஆரம்பித்தாள்.

மாமா என்னைப் பார்த்தார். சொல்லலாமா என்ற பார்வை. நான் தலையாட்டினேன், முழு மனதோடு என்று சொல்ல மாட்டேன்.

அவருக்கு அப்போது எட்டு வயது. நாட்டுத் துப்பாக்கி ஒருவரிடம், கருமருந்தும் ரவையும் இன்னொருவரிடம், சோற்றுச் சட்டியும் பேட்டரி லைட்டும் இவரிடம். சாயங்காலம் ஏறி ஒரு பாறை மேல் உட்கார்ந்தார்கள். மூன்று உத்தரவுகள்: இருமக் கூடாது, கொசு கடித்தால் அடிக்கக் கூடாது, ஒண்ணுக்கு வந்தால் அடக்கிக்கொள்ள வேண்டும். மூத்திர வாடைக்கு மான் அந்தப் பக்கமே வராதாம். "மூணாவதுதான் ஆத்தா செரமம்" என்றார். மகள் அதைப் புரிந்துகொண்டு மரியாதையோடு தலையாட்டினாள். விடியற்காலம் ஒரு கடமான் தண்ணிக்கு இறங்கியது. சுட்டார்கள். ஓடியது, விழுந்தது, சாகவில்லை. பக்கத்தில் போய் லைட் பிடிக்கச் சொன்னார்கள். பிடித்தார்.

"அது கண்ணுக்குக் கீழ பொளந்து தண்ணியா வந்துச்சு. அழுகுதுன்னு நெனச்சேன்."

"நீங்க அழுதீங்களா?"

"இல்ல. அன்னைக்கு மத்தியானம் கறி தின்னேன். எனக்கும் ஒரு கூறு வச்சிருந்தாங்க. பொடியனா இருந்தாலும் கூட வந்தவனுக்குக் கூறு உண்டு. மீதிய எங்க அப்பத்தா உப்புக்கண்டம் போட்டுச்சு."

கடமானின் கண்ணுக்குக் கீழே ஒரு சுரப்பி இருக்கிறது. மிரட்சியிலும் இணைசேரும் காலத்திலும் அது வாய்போல் திறந்துகொள்ளும், உள்தசை சிவப்பாகத் தெரியும். கண்ணீர் அல்ல, வாடையை விட்டுச் செல்வதற்கான ஏற்பாடு. அறுபது வருஷத்துக்கும் மேலாக மாமா அதை அழுகை என்றே வைத்திருக்கிறார். நான் திருத்தவில்லை.

மகளுக்குத் தூக்கம் வரவில்லை. கண்ணப்பர் கதை கேட்டாள். பாட்டி கோயிலில் சொல்லித் தெரியும், கண்ணைப் பிடுங்கி வைக்கிற இடம் அவளுக்குப் பிடிக்கும். நான் அதற்கு முந்தைய பகுதியைச் சொன்னேன். சேக்கிழார் சொல்லும் திண்ணனுக்குப் பதினாறு வயது. தகப்பன் நாகனுக்குத் தளர்ச்சி வந்து, இனி வேட்டைக்கு நீ போ என்று பொறுப்பைக் கொடுக்கிறான். ஊரே கூடிக் கன்னி வேட்டைக்கு வழியனுப்புகிறது. நாணன், காடன் என்ற இரண்டு பேர் கூடப் போகிறார்கள். ஒரு பன்றி தப்பி ஓட, அதைத் துரத்திக்கொண்டே போனவன் காளத்தி மலையைப் பார்க்கிறான், அங்கேயே நின்றுவிடுகிறான். வீட்டுக்குத் திரும்பவே இல்லை. தமிழில் முதல் வேட்டைக்குப் பிள்ளையை அனுப்பிவைத்த கதைகளில் பெரியது இதுதான், அதில் தகப்பனுக்குப் பிள்ளை திரும்பக் கிடைக்கவில்லை. இருட்டில் படுத்திருந்த மாமா, "பன்னி வெட்டுப்பட்டுச்சுல்ல?" என்று கேட்டார். காடன் தீமூட்ட, அதைக் காய்ச்சித்தான் திண்ணன் சாமிக்குக் கொண்டு போனான் என்றேன். "அப்பச் சரி" என்று திரும்பிப் படுத்தார்.

வெயில் வந்த பிறகுதான் தோட்டத்துக்குள் கூட்டிப் போவேன் என்பதில் மாமா கறாராக இருந்தார். 2023 மே மாதம் அரிக்கொம்பன் கம்பம் டவுனுக்குள் நுழைந்து தெருவில் ஓடியதைப் பள்ளத்தாக்கு இன்னும் மறக்கவில்லை. சின்னக்கானலிலிருந்து பிடித்துப் பெரியாற்றில் விட்ட யானை, மேகமலை வழியாகச் சுற்றி இறங்கி வந்தது. கடைசியில் அதை மயக்க ஊசி போட்டுக் களக்காடு–முண்டந்துறைக்குக் கொண்டு போனார்கள். யானை ஊருக்குள் வந்ததைவிட, ஊரில் பாதிப் பேர் செல்போனைத் தூக்கிக்கொண்டு அதன் பின்னால் ஓடியது மாமாவுக்கு அதிர்ச்சி. "ஆனைக்குப் பயப்படாத ஊரு உருப்படாது மாப்ள."

வாய்க்கால் ஓரம் தட்டைப்பயறு போட்டிருந்தார். ஈர மண். மாமா குந்தி உட்கார்ந்து மகளையும் உட்காரச் சொன்னார். இரட்டைக் குளம்பு, முன்னால் கூர்ந்து, மண்ணில் ஒரு விரல்கடை இறங்கியிருந்தது. மகள் தன் உள்ளங்கையைப் பக்கத்தில் வைத்தாள், தடம் அவள் கையைவிடச் சற்றுத்தான் சிறியது. கொஞ்சம் தள்ளி இன்னொரு தடம்.

"இது வேற. ஏன் சொல்லு?"

அவள் நிறைய நேரம் பார்த்தாள். "பின்னாடி ரெண்டு புள்ளி இருக்கு."

"பன்னி. அதுக்குப் பின் நகமும் சேத்துப் பதியும். மானுக்குச் சேத்துல ஆழமா இறங்குனாத்தான் விழும்." அடுத்து, எப்போது போனது என்ற பாடம். தடத்தின் விளிம்பு உதிராமல் இருக்கிறதா, உள்ளே பனித்தண்ணி நிற்கிறதா, எறும்போ வண்டோ குறுக்கே ஊர்ந்த கோடு இருக்கிறதா. இதில் வண்டுக்கோடு இருந்தது. வண்டு ராத்திரி ஊர்வது, ஆகவே மான் முன்னிரவிலேயே வந்து போய்விட்டது. "நம்ம கண்ணப்பர் கதை கேட்டுக்கிட்டிருந்தப்ப அது பயறு தின்னுக்கிட்டிருந்துச்சு" என்றார். மகளுக்கு அது பேரதிசயம். திண்ணைக்கும் இந்த இடத்துக்கும் நடுவே தூரத்தை நடந்து அளந்துவிட்டு வந்தாள்.

பிறகு காற்று. மாமா மடியிலிருந்து திருநீற்றுப் பொட்டலத்தை எடுத்தார், ஒரு சிட்டிகை எடுத்து மெல்ல விட்டார். தூள் மலையைப் பார்த்துச் சாய்ந்தது. "நம்ம வாடை மேல போகுது. இப்ப மேல இருக்கிற மான் எல்லாத்துக்கும் நம்ம குடும்பமே தெரியும். உங்க அப்பா பூசியிருக்கிற செண்டு தனியாத் தெரியும்." காலையில் மலை சூடாகும்போது காற்று மேலேறும், சாயங்காலம் குளிர்ந்ததும் கீழே இறங்கும். ஆகையால் காலையில் மேலிருந்து வர வேண்டும், மாலையில் கீழிருந்து போக வேண்டும். பள்ளிக்கூடத்தில் மலைக்காற்று, பள்ளத்தாக்குக் காற்று என்று நான் படம் போட்டு மார்க் வாங்கியதை, இந்த மனிதர் ஒரு சிட்டிகை திருநீற்றில் முடித்துவிட்டார்.

பழைய வேட்டைக்காரர்களைப் பற்றி உருகி எழுதுவது எளிது. அவர்கள் எல்லோரும் ஞானிகளல்ல. மாமாவே சொன்னார்: நெற்றியில் லைட்டைக் கட்டிக்கொண்டு போனால் கண் கூசி மான் அப்படியே நிற்கும், யார் வேண்டுமானாலும் சுடலாம். சுருக்குக் கம்பி வைத்தால் ஆளே வேண்டாம், நாலு நாள் கழித்துப் போனால் போதும். அதில் சிக்கியது சினையா, குட்டியா, சிறுத்தையா என்பது கம்பிக்குத் தெரியாது. காற்றும் தடமும் கற்றவர்கள் ஒரு தலைமுறை, லைட்டும் கம்பியும் பிடித்தவர்கள் அடுத்த தலைமுறை. சட்டம் இறுகியபோது மலையில் மிச்சமிருந்தது பெரும்பாலும் இரண்டாவது கூட்டம். அவர்களை நிறுத்தியது சரி. முதல் கூட்டத்துக்குத் தெரிந்திருந்ததை யாரும் வாங்கி வைத்துக்கொள்ளவில்லை என்பதுதான் என் குறை. அக்டோபர் முதல் வாரத்தில் காட்டுயிர் வார விழா வரும், பிள்ளைகளுக்கு ஓவியப் போட்டி நடக்கும். காலண்டரைப் பார்த்துப் புலி வரைவார்கள். கூடலூரில் வளரும் பிள்ளைக்குக்கூட பன்றித் தடத்துக்கும் மான் தடத்துக்கும் வித்தியாசம் சொல்லிக்கொடுக்க ஆளில்லை. திண்ணையில் இருக்கிற கிழவர்களுக்குச் சம்பளம் கொடுத்துப் பள்ளிக்கூடத்துக்குக் கூப்பிட்டால் ஆகாதா?

இது ஒன்றும் வெறும் ஆசையில்லை, மலைக்கு மேலேயே முன்மாதிரி இருக்கிறது. கூடலூரைத் தாண்டி லோயர்கேம்ப், பென்னிகுவிக் மணிமண்டபம், ராட்சதக் குழாய்கள், கொண்டை ஊசிகள், குமுளி. தேக்கடிக் காட்டை 1934-ல் திருவிதாங்கூர் அரசு நெல்லிக்காம்பட்டி வேட்டைக் காப்புக்காடாக அறிவித்தது. ராபின்சன் என்ற வெள்ளைக்காரர் அதன் காப்பாளர். 1950-ல் சரணாலயம், 1978-ல் புலிகள் காப்பகம். தொண்ணூறுகளின் பிற்பகுதியில் வனத்துறை ஒரு துணிச்சலான காரியம் செய்தது. வயண மரத்தின் பட்டையைத் திருட்டுத்தனமாக உரித்து விற்றுக்கொண்டிருந்த இருபத்து மூன்று பேரைக் கூப்பிட்டு, வழக்குகளை விடுகிறோம், காவலுக்கு வாருங்கள் என்றது. காட்டில் எந்த ஓடை எங்கே வற்றும், யார் எந்த வழியாக நுழைவார்கள் என்பதெல்லாம் அவர்களுக்கு அத்துப்படி. ரோந்து போனார்கள். சுற்றுலாப் பயணிகளைக் காட்டுக்குள் கூட்டிப்போய்க் கூடாரத்தில் தங்கவைக்கும் புலித்தட நடையும் அவர்கள் கைக்கு வந்தது. தமிழ்நாட்டு எல்லை ஊர்களின் முன்னாள் வேட்டைக்காரர்களுக்கு விடியல் என்ற பெயரில் இன்னொரு குழு அமைந்தது. மன்னான், பளியர் மக்கள் வழிகாட்டிகளாக இருக்கிறார்கள். பளியரோடு 1960-களில் தங்கி ஆராய்ந்த அமெரிக்க மானிடவியலாளர் பீட்டர் கார்ட்னர், அவர்கள் பிள்ளைகளை அதட்டுவதோ அடக்குவதோ கிடையாது, சிறு வயதிலேயே தம் போக்கில் விட்டுவிடுகிறார்கள் என்று பதிவு செய்திருக்கிறார். மூன்று உத்தரவு போட்டு மாமாவைப் பாறையில் உட்காரவைத்தவர்கள் கீழ்நாட்டு ஆட்கள்.

மூங்கில் தெப்பத்துக்கும் நெடுநடைக்கும் சிறு பிள்ளைகளை விடமாட்டார்கள். எங்களுக்குப் படகுதான். ஏறியதும் பாதுகாப்பு அங்கியைப் பட்டை பட்டையாக இறுக்கிவிட்டார்கள், எழுந்து நடக்கக் கூடாது என்று திரும்பத் திரும்பச் சொன்னார்கள். காரணமிருக்கிறது. 2009 செப்டம்பர் 30 அன்று ஜலகன்யகா என்ற இரட்டை அடுக்குப் படகு இதே ஏரியில் கவிழ்ந்து நாற்பத்தைந்து பேர் இறந்தார்கள். கரையில் விலங்கைப் பார்த்ததும் மேல்தளத்தில் இருந்தவர்கள் ஒரே பக்கம் நகர்ந்தார்கள் என்பது பிழைத்தவர்கள் சொன்னது. படகின் அமைப்பிலும் குறை இருந்ததாக விசாரணைகளில் வெளிவந்தது.

நீரிலிருந்து பட்டமரங்களின் கட்டைகள் துருத்திக்கொண்டு நிற்கின்றன. அணை கட்டியபோது மூழ்கிய காட்டின் மிச்சம், நூற்று முப்பது வருஷமாக மக்காமல் நிற்கிறது. கட்டைக்கொரு நீர்க்காகம் சிறகை விரித்துக் காய்ந்தது. மகள் அவற்றைப் பார்க்கவில்லை. நாக்கில் விரலை நனைத்துக் காற்று பார்த்தாள். திருநீறு கேட்டிருந்தாள், நான் கொண்டு வரவில்லை. "கரையிலேருந்து நம்ம பக்கம் அடிக்குது. அதுக்கு நம்ம வாடை தெரியாது" என்றாள். டீசல் எஞ்சின் ஓசையும் பின்வரிசைக் கல்லூரிக் கூட்டமும் போதாதா என்று எனக்குத் தோன்றியது, சொல்லவில்லை.

இரண்டாவது வளைவில் இருந்தது. கரைப் புல்லில் ஒரு பெண் கடமான், கழுத்து வரை நனைந்து, அப்போதுதான் தண்ணீரிலிருந்து ஏறியிருக்க வேண்டும். காதுகள் அகலமாக எங்கள் பக்கம் திரும்பின. முன்னங்காலைத் தூக்கி ஒரு முறை தரையில் தட்டியது, மறுபடி தட்டியது. படகில் எல்லோரும் உட்கார்ந்த இடத்திலேயே கையை நீட்டிப் போட்டோ எடுத்தார்கள். பைனாகுலரை மகளிடம் கொடுத்தேன். குமிழைத் திருகித் திருகிச் சரிசெய்து பார்த்தவள் சட்டென்று என் கையைப் பிடித்தாள்.

"அப்பா, ரத்தம். கழுத்துல. யாரோ சுட்டிருக்காங்க."

வாங்கிப் பார்த்தேன். தொண்டைக்குக் கீழே, கழுத்தின் நடுவாக்கில், ரூபாய்க் காசைவிடப் பெரிதாக ஒரு இடத்தில் முடி உதிர்ந்து செக்கச்செவேல் என்று பச்சைப்புண். ஓரம் ஈரமாக மினுங்கியது. ரவை பட்டது என்று சத்தியம் செய்யலாம். படகுக்காரர் திரும்பிப் பார்த்துவிட்டு, அது காயமில்லை, கடமானுக்கு அப்படி வரும், போகும் என்றார். நானும் படித்திருக்கிறேன். இணைசேரும் பருவத்தில் ஆண்களுக்கும், சினையாகவோ பால் கொடுத்துக்கொண்டோ இருக்கும் பெண்களுக்கும் கழுத்தில் அந்த இடம் இப்படிச் சிவக்கும். வாடைச் சுரப்பி என்று கருதுகிறார்கள். அதையெல்லாம் மகளிடம் சொன்னேன். அவள் நம்பவில்லை. முதல் நாள் இரவு லைட் வெளிச்சத்தில் அழுத மானைக் கேட்டவளுக்கு இது புண் இல்லை என்றால் எப்படி நம்புவாள்? படகு கடந்து போன பிறகும் திரும்பி உட்கார்ந்து அந்தத் திசையையே பார்த்தாள்.

குமுளிக்கு வந்து நேந்திரங்காய் சிப்ஸ் வாங்கிக்கொண்டிருந்தபோது மாமாவுக்குப் போன் போட்டாள். என்னிடம் சொன்ன அதே வேகத்தில் ரத்தம் என்றாள். ஸ்பீக்கரில் மாமாவின் குரல் கடைக்காரருக்கும் கேட்டது.

"புண்ணில்ல ஆத்தா. கொம்பு இருந்துச்சா?"

"இல்ல."

"அப்பப் பொட்டை. கால்ல தட்டுச்சா?"

"ரெண்டு தடவ தட்டுச்சு."

"குட்டி பக்கத்துல படுத்திருக்கும். அதுக்குத்தான் தட்டுறது, எந்திரிக்காதன்னு. குட்டியப் பாத்தியா?"

மகள் என்னைப் பார்த்தாள். நான் போனில் எடுத்த படங்களைப் பெரிதாக்கிப் புல்லை ஒவ்வொரு மூலையாக நகர்த்திப் பார்த்தோம். புல், கட்டை, நிழல். ஒரு படத்தில் பின்வரிசைக்காரர் ஒருவரின் கட்டைவிரல். குட்டி இருந்தால் புல்லுக்குள் இருந்திருக்கும், தாய் காலைத் தட்டியது எங்களைப் பார்த்த மிரட்சியிலும் இருக்கலாம். மாமா இதைக் கேட்கத் தயாரில்லை. மானுக்கு முன்னால் வலது கைப் பக்கமா இடது கைப் பக்கமா, புல் எங்கே உயரம் என்று மேலும் மேலும் விசாரித்தார். மகள் முடிந்தவரை பதில் சொன்னாள். தெரியாததற்கு, "நாளைக்குப் பாத்துச் சொல்றேன் தாத்தா" என்றாள்.

அன்றைய படகுகளுக்கு டிக்கெட் தீர்ந்திருந்தது. மறுநாள் காலை முதல் படகில் இடது பக்கச் சீட்டுதான் வேண்டும் என்று அவளே கவுண்டரில் கேட்டாள். சீட்டு நம்பர் கேட்டுக் கொடுக்கிற வழக்கமில்லை, சீக்கிரம் வந்து நில்லுங்கள் என்றார்கள். மாமாவுக்கு மறுபடி போன் போட்டு, மடியிலிருக்கிற பொட்டலத்தைக் கூடலூர் பஸ்ஸில் யாரிடமாவது கொடுத்தனுப்ப முடியுமா என்று கேட்டுக்கொண்டிருந்தாள்.